ஒரு பழைய ஜோய்ஸ்ரிக்கை நடுவுக்குக் கொண்டுவந்த கதை

கையை எடுத்தால் விமானம் வலப்பக்கம் சரிகிறது. மெதுவாகத்தான் சரியும், ஆனால் ஒருக்காலும் நேரே நிற்காது. அக்காவின் மகனுக்கு நான் கொடுத்திருந்த பழைய யூஎஸ்பி ஜோய்ஸ்ரிக்கில் வந்த குறை இது. இறுக்கிப் பிடித்துக்கொண்டு பறந்தால் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். தரையிறங்க வரும்போதுதான் சிக்கல். ஓடுபாதை முன்கண்ணாடியில் இடமும் வலமுமாக அலையும். அவன் திருத்துவான், திருத்தியது கூடிப்போகும், பிறகு மற்றப் பக்கம் திருத்துவான், அதற்குள் நிலம் வந்துவிடும்.

"மாமா, கலிபிரேற் பண்ணினா சரிவருமாம். ஒருக்காப் பண்ணித் தாங்கோவன்."

பண்ணலாம். ஆனால் கலிபிரேசன் என்ன வேலை செய்கிறது என்று விளங்காமல் அந்தத் திரையைத் திறந்து 'அடுத்தது, அடுத்தது' என்று அழுத்திக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜோய்ஸ்ரிக் தன் ஒவ்வொரு அச்சுக்கும், அதாவது இட வலம், முன்பின் என்று அசையும் ஒவ்வொரு திசைக்கும், ஒரு எண்ணைக் கணினிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இடது எல்லைக்கு இந்த எண், நடுவுக்கு இந்த எண், வலது எல்லைக்கு இந்த எண் என்று கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கலிபிரேசன். சும்மா விட்டிருக்கும்போதே அந்த எண் ஓரிடத்தில் நில்லாமல் துள்ளினால் எதை நடு என்று சொல்லிக்கொடுப்பது? ஆகவே முதலில் எண்ணை நிலைக்கச் செய்ய வேண்டும். பிறகு கலிபிரேசன். டெட் சோன், அதாவது நடுவைச் சுற்றி அசைவைக் கணக்கில் எடுக்காமல் விடும் சின்ன இடைவெளி, எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த ஒழுங்கைக் குழப்பினால் நோய் மறைந்திருக்குமே தவிர மாறாது. டெட் சோனைப் பெரிதாக்கிவிட்டுத் தப்பிப்பவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்த கோலின் நடுப்பகுதி செத்துப்போகும். தரையிறங்கும்போது வேண்டிய மெல்லிய திருத்தங்கள் எல்லாம் அந்த நடுப்பகுதியில்தான் நடக்கின்றன.

பெடியனுக்கு இந்த ஆசை பலாலியால் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த அந்த இறங்குதளம் 2019 ஒக்ரோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து ஏரிஆர் 72 வரத் தொடங்கி, கொரோனாவோடு நின்று, 2022 டிசெம்பரில் மறுபடி வந்தது. அந்த இரட்டை விசிறி விமானம் தாழ வருவதைப் பார்த்த பிள்ளைக்கு, அதே ஓடுபாதையில் தானும் இறங்க வேணும் என்று ஆசை. ஓடுபாதையின் பெயர் 05/23. ஒரு பக்கமாக ஓடினால் முகம் ஏறத்தாழ 50 பாகைக்கு, மறுபக்கமாக ஓடினால் 230 பாகைக்கு. அதாவது வடகிழக்கு, தென்மேற்கு. வாடைக்கும் சோளகத்துக்கும் கிட்டத்தட்ட நேர். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறவும் இறங்கவும் விரும்பும் என்பதால், எங்கள் இரண்டு பருவக்காற்றுக்கும் இந்த ஓடுபாதை நன்றாகப் பொருந்தி நிற்கிறது. இதை வரைபடத்தில் காட்டியபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நாங்கள் வைத்திருப்பது ஃபிளைற்கியர். 1997 முதல் வெளிவரும் இலவச, திறந்த மூல விமானப் பாவனைச் செயலி. பழைய லப்ரொப்பில் லினக்ஸ் மின்ற் இயங்குதளம் போட்டு அதில் ஓடுகிறது. விமானம், அதனோடு வரும் செஸ்னா 172. பலாலிக்கு உரிய நான்கெழுத்துக் குறியீடு வி-சி-சி-ஜே. அதைக் கொடுத்தால் நேரே ஓடுபாதை முனையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

முதல் வேலை, மூல எண்ணைப் பார்ப்பது. லினக்ஸில் இதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டும் ஒன்றல்ல. ஜேஎஸ்டெஸ்ற் என்ற கட்டளை காட்டுவது ஏற்கெனவே திருத்தப்பட்ட எண்: மைனஸ் 32767 இலிருந்து 32767 வரை. நடுவில் வரும் சின்னத் துள்ளலை இயங்குதளமே விழுங்கிவிட்டுக் காட்டுவதும் உண்டு. ஈவிடெஸ்ற் என்ற கட்டளை காட்டுவது ஜோய்ஸ்ரிக் அனுப்பும் எண்ணை, அப்படியே. நோய் தேடுகிறவர் பார்க்க வேண்டியது இரண்டாவதை. எங்கள் கோல் ஒவ்வொரு அச்சுக்கும் 8 பிற் எண் அனுப்புகிறது, அதாவது 0 முதல் 255 வரை. நடு என்பது 127க்கும் 128க்கும் இடையில் இருக்க வேண்டும்.

முன்பின் அச்சு நல்ல பிள்ளையாக 126, 127 என்று நின்றது. இட வல அச்சு கையே படாமல் 119க்கும் 137க்கும் இடையில் துள்ளியது, அதிகமும் 137 பக்கமாக. கணக்குப் பார்த்தால் 137 என்பது வலப்பக்கம் ஏறத்தாழ 7 சதவீதம் சாய்த்துப் பிடித்ததற்குச் சமம். விமானம் சரிந்ததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

பிறகு கோலை இடது எல்லையிலிருந்து வலது எல்லைக்கு மிக மெதுவாக நகர்த்தினேன். இந்தச் சோதனையை அவசரப்படாமல் செய்யுங்கள், விஷயம் முழுவதும் இதில்தான் தெரியவரும். 38இல் தொடங்கி 39, 40, 41 என்று ஒழுங்காக ஏறியது. 115ஐத் தாண்டியதும் 131, 118, 140 என்று பாய்ச்சல். 140க்குப் பிறகு மறுபடி ஒழுங்கு, 217 வரை. அச்சு முழுவதும் துள்ளியிருந்தால் வயரையோ சொல்டரையோ சந்தேகிக்கலாம். நடுவில் மட்டும் துள்ளினால் உள்ளே இருக்கும் பொட் (கோலின் சாய்வோடு சுழன்று மின்தடையை மாற்றும் பாகம்) தேய்ந்துவிட்டது, அல்லது அழுக்குப் பிடித்துவிட்டது. கோல் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நடுவில்தான் கழிக்கிறது. கையின் சின்ன நடுக்கம் எல்லாம் அந்த ஒரே இடத்தைத்தான் உரசுகிறது. ஒரு உறுதிக்காக யூஎஸ்பி வயரை அடியிலும் நுனியிலும் ஆட்டிப் பார்த்தேன். எண்ணில் மாற்றம் இல்லை.

கழற்றுவதற்கு முன் யூஎஸ்பியைப் பிடுங்கிவிடுங்கள். அடித்தட்டின் ஸ்குறூக்கள் சில வெளியே தெரியும், மிச்சம் இறப்பர்க் கால்களுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இறப்பரை நகத்தால் மெல்லக் கிளப்பினால் திரும்ப ஒட்டலாம். தட்டைத் தூக்கும் முன்பே உள்ளே இருக்கும் வயர்களின் நிறத்தையும் இடத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

உள்ளே பார்த்தால் கோண்டாவில் செம்மண். வலிகாமத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, யன்னலைப் பூட்டி வைத்தாலும் அந்தத் தூள் வரும். பழைய கிறீஸில் ஒட்டி, செங்கல் நிறத்தில் ஒரு பசையாகத் திரண்டு, பல்லுகளின் இடுக்கெல்லாம் அடைத்திருந்தது. கோலின் அடியில் அரைவட்டப் பல்லுத்தட்டு ஒன்று. அது பொட்டின் தண்டில் மாட்டிய சின்னப் பல்லுச்சில்லைச் சுழற்றுகிறது. கோல் சாய்வது கொஞ்சப் பாகைதான் என்றாலும் பொட் அதைவிடப் பல மடங்கு திரும்ப வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பொட்டின் முதுகில் பி10கே என்று எழுதியிருந்தது: 10 கிலோ ஓம், நேர்விகித வகை. ஏ என்று தொடங்கினால் அது ஒலி அளவுக்கு உரிய மடக்கை வகையாக இருக்கும். ஜோய்ஸ்ரிக்குக்கு அது ஆகாது.

பல்லுகள் எந்த இடத்தில் பிடித்திருந்தன என்று இரண்டிலும் மாக்கரால் ஒரு புள்ளி போட்டுக்கொண்டேன். இந்தப் புள்ளி பிறகு மிகவும் உதவியது.

பொட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு சுன்னாகத்தில் றேடியோ திருத்தும் ஐயா ஒருவரிடம் போனேன். என்னிடம் டிஜிற்றல் மல்ரிமீற்றர் இருக்கிறது. அவரிடம் முள்ளு மீற்றர் இருக்கிறது. இந்த வேலைக்கு முள்ளு மீற்றர்தான் சரி. 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி எல்லோரும் றேடியோ கேட்டபோது, அந்த றேடியோக்களைத் திருத்தித் தொழில் பழகிய மனிதர். பொட்டைக் கையில் வாங்கியதும் தண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"என்னத்தில கழட்டினது தம்பி? றேடியோவில வாறது மாதிரி இல்லையே."

ஜோய்ஸ்ரிக் என்றேன், விமானம் சரிகிற கதையைச் சொன்னேன்.

"ஓ... உது வொலியூம் கொன்ரோல் கரகரக்கிற வருத்தம்தான். அங்க காதுக்குக் கேக்கும், இங்க பிளேன் ஆடும். வருத்தம் ஒண்டுதான்."

அது உவமைக்காகச் சொன்னதல்ல, இரண்டும் ஒரே பொருள். கரிப்பாதை ஒன்று, அதன்மேல் உரசிக்கொண்டு ஓடும் உலோக நாக்கு ஒன்று. யூஎஸ்பி ஜோய்ஸ்ரிக்கில் பாதையின் இரு முனைக்கும் 5 வோல்ற் கொடுத்து, நாக்கில் வரும் வோல்ற்றை அளந்து எண்ணாக்குகிறார்கள். பாதையில் தூசியோ தேய்வோ இருந்தால் நாக்கு ஒரு கணம் தொடர்பை இழக்கும். றேடியோவில் அந்தக் கணம் கரகரப்பு.

ஐயா முதலில் வெளிக்கால்கள் இரண்டையும் அளந்தார். 9.4 கிலோ ஓம். இந்த மலிவுப் பொட்டுகளில் 20 சதவீதம் வரை கூடிக் குறைவது வழமை, ஆகவே அது சரி. பிறகு நடுக்காலிலும் ஒரு வெளிக்காலிலும் மீற்றரை வைத்துக்கொண்டு தண்டை மெல்லத் திருப்பினார். முள் வழுக்கிக்கொண்டு ஏறியது. பாதி வழியில் சட்டென்று விழுந்து, நிமிர்ந்து, மறுபடி ஏறியது. தண்டை ஒரு மயிரளவு பின்னுக்கு எடுத்து அதே இடத்துக்கு வந்தார். மறுபடி விழுந்தது.

"பாத்தீங்களே? டிஜிற்றல் மீற்றர் இதைக் காட்டாது தம்பி. அது யோசிச்சு நம்பரைப் போடுறதுக்குள்ள முள்ளு விழுந்து எழும்பீடும்."

கொன்ராக்ற் கிளீனரின் நீளக் குழாயைக் கால்களுக்கு அருகே இருக்கும் இடுக்கில் வைத்து ஒரு பீச்சு. பிறகு தண்டை முனைக்கு முனை திருப்பிக்கொண்டே இருந்தார். கோலில் மாட்டியிருக்கும்போது பாதையின் இரு ஓரங்களும் பயன்படுவதேயில்லை. கழற்றியபிறகுதான் முழுப் பாதையையும் துடைக்க முடியும். துருப்பிடித்த பூட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிறேயை இதற்குள் அடிப்பவர்கள் உண்டு. அன்றைக்குச் சரிவந்தது போலத் தெரியும். அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படை எங்கள் ஊர்த் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு முன்பைவிட மோசமாகும். கிளீனர் காய்ந்து போகிற வகையாக இருக்க வேண்டும்.

மறுபடி அளந்தோம். விழுகிறது, ஆனால் முன்னைப் போல் ஆழமாக இல்லை. அழுக்குப் போய்விட்டது, தேய்வு மிச்சம் இருக்கிறது.

"நடுவில பாதை தேஞ்சு போச்சு. புதுசு போடுங்கோ. இல்லாட்டித் தேயாத இடத்துக்கு நகர்த்தி விடுங்கோ, இன்னும் கனகாலம் ஓடும்."

புதுப் பொட் தேடி யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். பி10கே கிடைக்கிறது. ஆனால் எல்லாம் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு உரிய, தண்டு நீளமான வகை. எங்கள் பல்லுச்சில்லில் தட்டையாக வெட்டிய குட்டைத் தண்டுதான் ஏறும். அரத்தால் ராவிப் பொருத்தலாம், பொறுமை உள்ளவர்கள் செய்யட்டும். நான் ஐயா சொன்ன இரண்டாவது வழியை எடுத்தேன். எனக்கு அது அழகான வழியாகவும் பட்டது.

பல்லுச்சில்லை அரைவட்டத் தட்டிலிருந்து விலக்கி, முன்பு போட்ட புள்ளியிலிருந்து இரண்டு பல்லுத் தள்ளி மாட்டினேன். கோல் நடுவில் நிற்கும்போது நாக்கு இப்போது கரிப்பாதையின் வேறோர் இடத்தில் நிற்கும். அங்கே தேய்வு இல்லை. தேய்ந்த இடம் இப்போது கோல் இடப்பக்கம் கொஞ்சம் சாயும்போது நாக்கு கடந்து போகிற இடமாகிவிட்டது. கடந்து போகும்போது வரும் ஒரு கணத் துள்ளல் பறக்கும்போது தெரியாது. அங்கேயே நின்று நடுங்குவதுதான் தொல்லை. பழைய கிறீஸை ஸ்பிரிற்றில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, பல்லுகளுக்கு மட்டும் கொஞ்சம் சிலிக்கன் கிறீஸ் வைத்தேன். பொட்டின் பக்கம் கிறீஸ் போகவே கூடாது.

மூடுவதற்கு முன் யூஎஸ்பியைச் செருகி எண்ணைப் பார்த்தேன். சும்மா நிற்கும்போது 152. ஒன்று கூடும், ஒன்று குறையும், அதற்குமேல் அசைவில்லை. இடது எல்லை 62, வலது எல்லை 241. முன்பு இருந்த மூன்று எண்ணும் 24 அளவில் மேலே நகர்ந்திருக்கின்றன. 255க்கு உள்ளேதான் இருக்கின்றன, ஆகவே வலப்பக்கம் முட்டாது. மூன்று பல்லுத் தள்ளியிருந்தால் வலது எல்லை 253க்குப் போய் முட்டும் நிலைக்கு வந்திருக்கும். இப்படி நகர்த்துகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

கலிபிரேசனுக்கு உண்மையான வேலை இங்கேதான் வருகிறது. இந்த நிலையில் அப்படியே விளையாட்டைத் திறந்தால் விமானம் முன்பைவிட மோசமாகச் சரியும். ஏனென்றால் கணினி இன்னும் 127.5ஐத்தான் நடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. 152 என்பது அதற்கு வலப்பக்கம் 19 சதவீதம். இடப்பக்கம் முழுக்கத் தள்ளினாலும் 62 வரைதான் போகும், அது கணினியின் கணக்கில் பாதிச் சாய்வுதான். நடு 152, இடது எல்லை 62, வலது எல்லை 241 என்று சொல்லிக்கொடுத்ததும் நடுவுக்கு இடப்பக்கம் ஒரு நேர்கோடும் வலப்பக்கம் வேறொரு நேர்கோடுமாக அது போட்டுக்கொள்ளும். இடப்பக்கம் 90 படி, வலப்பக்கம் 89 படி. இரண்டும் முழுச் சாய்வாக விரியும். நிலைத்து நிற்கிற எண் எங்கே நின்றாலும் கலிபிரேசன் அதை நடுவாக்கிவிடும்.

லினக்ஸில் ஜேஎஸ்டெஸ்ற்-ஜிரிகே என்ற செயலியில் இதைச் செய்வது வசதி. கலிபிரேசன் சாளரத்தில் ஒவ்வொரு அச்சுக்கும் நான்கு எண்கள் கேட்கும்: நடுவின் கீழெல்லை, நடுவின் மேலெல்லை, வீச்சின் கீழெல்லை, வீச்சின் மேலெல்லை. தானாகக் கண்டுபிடிக்கும் வழியும் உண்டு. ஆனால் மூல எண்ணைப் பார்த்துவிட்டோம் என்றால் கையால் எழுதுவதே திருத்தம். நடுவுக்கு ஏன் இரண்டு எண் என்றால், ஸ்பிறிங் கோலை ஒவ்வொரு முறையும் மட்டுமட்டாக ஒரே இடத்துக்குக் கொண்டுவராது. இடப்பக்கம் தள்ளி மெல்ல விட்டால் 150இல் நிற்கிறது, வலப்பக்கம் தள்ளி விட்டால் 154இல். ஆகவே கீழெல்லை 150, மேலெல்லை 154. இந்த இடைவெளிதான் டெட் சோன். அளந்து பார்த்து வைத்த டெட் சோன் இவ்வளவு சின்னதாகத்தான் இருக்கும். உந்துவிசைக் கைபிடிக்கு நடு என்று ஒன்று தேவையில்லை. அதற்கு நடுவின் இரண்டு எண்ணையும் ஒன்றாகவே வைத்துவிடலாம்.

யூஎஸ்பியைப் பிடுங்கிச் செருகினால் இந்தத் திருத்தம் அழிந்துபோகும். ஜேஎஸ்கல்-ஸ்ரோர் என்ற கட்டளை அதைச் சேமித்து வைக்கும். சில வகை ஜோய்ஸ்ரிக்குகள் செருகும் கணத்தில் கோல் எங்கே நிற்கிறதோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே செருகும்போது கோலில் கை வைக்காத பழக்கம் எல்லோருக்கும் நல்லது. வின்டோஸ் வைத்திருப்பவர்கள் றன் பெட்டியில் ஜோய்-டொட்-சிபிஎல் என்று அடித்தால் வரும் சாளரத்தில் கலிபிரேற் பொத்தான் இருக்கிறது. அந்த வழிகாட்டியிலேயே மூலத் தரவைக் காட்டச் சொல்லும் ஒரு தெரிவுப் பெட்டியும் உண்டு, அதை அடையாளமிட்டுவிட்டுத் தொடங்குங்கள். பழைய திருத்தம் குழப்பியிருந்தால் முதலில் இயல்புநிலைக்குத் திருப்பும் பொத்தான். டெட் சோனை அங்கே வைக்காமல், விளையாட்டுக்குள் வையுங்கள்.

எங்கே வைத்தாலும் ஓரிடத்தில் மட்டும் வையுங்கள். இயங்குதளத்தில் ஒன்று, விளையாட்டில் இன்னொன்று என்று இருந்தால் இரண்டும் கூடிவிடும். ஃபிளைற்கியரில் ஒவ்வொரு ஜோய்ஸ்ரிக்குக்கும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறது. அதில் டெட்-பாண்ட் என்ற வரிக்கு எதிரே இருந்த எண்ணை நான் சுழியமாக்கிவிட்டேன். அதே கோப்பில் பவர் என்று ஒரு வரி. 2 என்று கொடுத்தால் கோலைப் பாதி சாய்த்தாலும் இறக்கைத் தட்டு கால்வாசிதான் அசையும். மேசையில் வைக்கும் கோல் குட்டை, அசையும் தூரமும் கொஞ்சம், ஆகவே இந்த வளைவு பலருக்குப் பிடிக்கும். பழகுகிற பிள்ளைக்கு நான் 1ஐயே விட்டேன். கை எவ்வளவு போகிறதோ தட்டும் அவ்வளவு போக வேண்டும், அந்தக் கணக்கு முதலில் கையில் படிய வேண்டும். கோலை முறுக்கினால் திரும்பும் வால் சுக்கானுக்கு மட்டும் 2. முறுக்குவதை யாரும் மெல்லியதாகச் செய்வதில்லை.

பறப்பதற்கு முன் வெளிப் பார்வைக்கு மாற்றி, திசை சரிதானா என்று பார்த்தோம். கோலை வலப்பக்கம் சாய்த்தால் வலது இறக்கையின் தட்டு மேலே எழ வேண்டும், இடது இறக்கையின் தட்டு கீழே இறங்க வேண்டும். கோலைத் தன்பக்கம் இழுத்தால் வால்தட்டு மேலே எழ வேண்டும். உண்மையான விமானிகளும் ஒவ்வொரு முறை ஏறும் முன் இதைப் பார்க்கிறார்கள், ஆகவே பிள்ளையையும் பழக்குவது நல்லது. ஃபிளைற்கியருக்குள்ளேயே பண்புகளைக் காட்டும் சாளரம் ஒன்று உண்டு. அதில் இறக்கைத் தட்டைக் குறிக்கும் எய்லரோன் என்ற வரியைத் திறந்து வைத்தோம். கையை எடுத்ததும் சுழியம். இடது எல்லையில் மைனஸ் 1, வலது எல்லையில் 1. பெடியன் கோலைத் தட்டித் தட்டி விட்டு அந்தச் சுழியத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் பறப்புக்குக் காற்றை முழுவதும் நிறுத்திவிட்டோம். 23இல் நின்று முழு உந்துவிசை கொடுத்ததும் விமானம் இடப்பக்கம் இழுத்தது.

"மாமா, இன்னும் இழுக்குது!"

இது ஜோய்ஸ்ரிக் இல்லை. ஒற்றை விசிறி விமானம் முழு விசையில் இடப்பக்கம் இழுக்கத்தான் செய்யும். விசிறியின் எதிர்முறுக்கும், அது சுழற்றி விடும் காற்று வாலில் மோதுவதும் சேர்ந்து செய்கிற வேலை. உண்மையான செஸ்னாவிலும் விமானி வலது கால் பெடலை அமர்த்திப் பிடிப்பார். இதைக் குறையென்று நினைத்து கலிபிரேசனைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆகவே கோலின் குறையைச் சோதிப்பதானால் மட்டமாக, நடுத்தர விசையில் பறக்கும்போது சோதியுங்கள். ட்ரிம்மும் அப்படித்தான், கோலைப் பிடிக்காமலே மூக்கை ஒரே நிலையில் நிற்கச் செய்யும் திருத்தம் அது. மூக்கு ஏறுவதும் இறங்குவதும் வேகத்தோடு மாறும், அதை ட்ரிம்மால் சரிசெய்ய வேண்டும். கோலை முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டே பறப்பவனுக்கு எந்தக் கலிபிரேசனும் உதவாது.

55 நொட்டில் மூக்கைத் தூக்கி, 75 அளவில் ஏறவிட்டு, 1500 அடியில் மட்டமாக்கி, ட்ரிம்மைச் சரிப்படுத்திவிட்டு அவனுடைய கையை எடுக்கச் சொன்னேன். கீரிமலைப் பக்கமாக, கடலை வலத்தே வைத்துக்கொண்டு, விமானம் தன்பாட்டில் நேரே போனது. யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் திரும்பி, பண்ணைப் பாலம் தெரியும் இடம்வரை போய், வடகிழக்கே கடலுக்கு வெளியே சுற்றி வந்து 23க்கு நேரே எடுத்தான். சோளகம் அடிப்பது போல 230 பாகையிலிருந்து 10 நொட் காற்றை அப்போதுதான் கொடுத்தேன். 65 நொட்டைப் பிடித்துக்கொண்டு கோலை விரல் நுனியால் அசைத்தான். ஓடுபாதை கண்ணாடியின் நடுவிலேயே நின்றது. கொஞ்சம் பலமாகத்தான் இறங்கியது, அது அவன் மூக்கைத் தூக்கப் பிந்தியதால். கோலில் பிழை சொல்ல ஏதும் இல்லை.

மிச்சம் இருப்பது சுக்கானுக்கு உரிய முறுக்கு அச்சு. அதன் பொட் கைபிடிக்குள்ளே இருக்கிறது, அங்கே பல்லுச்சில்லும் இல்லை, நகர்த்தவும் வழியில்லை. துள்ளல் இப்போதைக்குச் சின்னதுதான், அதன் நடுவின் இரண்டு எண்ணையும் கொஞ்சம் அகட்டி வைத்திருக்கிறேன். நிரந்தரத் தீர்வு, உரசலே இல்லாமல் காந்தத்தை உணரும் ஹோல் சென்சர். 49ஈ என்ற மூன்றுகால் வகையை 5 வோல்ற்றில் வைத்தால் காந்தம் அருகே இல்லாதபோது 2.5 வோல்ற் அளவில் தரும். காந்தத்தின் ஒரு முனை நெருங்கினால் ஏறும், மறுமுனை நெருங்கினால் இறங்கும். பொட்டின் மூன்று வயர் போய்ச் சேரும் இடங்களிலேயே இதன் மூன்று காலையும் சொல்டர் பண்ணலாம். எந்தக் கால் எதற்கு என்பதை மட்டும் அதன் தரவுத்தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும். தேய்வதற்கு ஏதும் இல்லை. ஆனால் வீச்சு பொட்டைவிடக் குறுகலாக வரும், நடுவும் வேறிடத்தில் நிற்கும், ஆகவே மாட்டியதும் அந்த நான்கு எண்ணையும் புதிதாக அளந்து எழுத வேண்டும். சென்சருக்கும் சின்னக் காந்தத்துக்கும் கொழும்பில் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் கைபிடியைப் பிரிக்கும் வேலை தொடங்கும்.